வீதிக்குப் பூட்டிய சில்லுகள்

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் கதை என்றால் தடையில்லாமல் வரும்.

முகாம்களில் இருந்த சனம் திரும்பி வந்து தங்கள் தங்கள் காணிகளில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. நான் அரசாங்க மருத்துவிச்சி. கந்தோர்க் கடிதங்களில் எங்களுக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் உண்டு. சனம் கூப்பிடுவது 'மிஸ்' என்று மட்டும்தான். என் வீடு மன்னார்த் தீவில். எனக்குத் தந்த பகுதியோ பெருநிலத்தில், பாப்பாமோட்டைக்கும் அப்பால். பிள்ளைத்தாச்சிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து, நிறை எடுத்து, பிறசர் பார்த்து, சிறுநீர் சோதித்து, கொப்பியில் பதிய வேண்டும். அந்த வேலைக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஆளுக்கொரு மவுண்டன் சைக்கிள் கொடுத்திருந்தது.

தடித்த ரயர். ரயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பல்லு. மணலில் விட்டால் உழவு இயந்திரம் போலப் போகும். தார் வீதியில் ஏற்றினாலோ கர்ரென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஊரும். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும் மாதங்களில் எனக்கு அழுகை வரும். ஒருநாள் பின்னால் மீன்பெட்டி கட்டிய கிழவர் ஒருவர் மணியடித்து என்னை விலத்திக்கொண்டு போனார். போகிற போக்கில், "பிள்ளை, இறங்கித் தள்ளினால் கெதியாப் போகலாம்," என்றார். அன்று முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு காப்பெற் வீதி போட்டார்கள். கண்ணாடி போல வழுக்கிக்கொண்டு கிடந்தது வீதி. அதில் என் எருமைச் சைக்கிள் மட்டும் முனகிக்கொண்டு போனது. எனக்குப் பொறுக்கவில்லை. தீவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் திருத்துகிற ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணை, இதை றோட்டிலை ஓடுற மாதிரி ஆக்கித் தருவியளோ?"

அவர் சைக்கிளைச் சுற்றி ஒருதரம் வந்தார். "ஆக்கலாம் மிஸ். ஆனால் ரயரை மட்டும் மாத்திச் சரிவராது. றிம், கம்பி எல்லாத்தோடையும் சில்லையே மாத்தவேணும்."

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சோடி றேசிங் சில்லு எடுப்பித்தார். விரல் தடிப்பு ரயர், பல்லு இல்லை, மொழுமொழுவென்றிருந்தது. என் பழைய சில்லுகளையும் ரயர்களையும் அவரே எடுத்துக்கொண்டு மிச்சக் காசை மட்டும் வாங்கினார். அரசாங்க வேலைக்குக் கொடுத்த சைக்கிளா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூட்டுவதற்கு ஒரு பகல் பிடித்தது. புதுச் சில்லு பழையதைவிட உயரம். பிறேக்கட்டை றிம்மில் பிடிக்காமல் ரயருக்குக் கீழே கம்பிகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெல்டிங் கடைக்குப் போய்ச் சின்ன இரும்புத் தகடுகள் ஒட்டி, பிறேக்கட்டைகளை உயர்த்திக்கொண்டு வந்தார். பின் அச்சு சட்டத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. இரண்டு பக்கமும் வாசர் வைத்து இறுக்கினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெளிவு பார்த்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். நான் ஒரு வாங்கில் குந்தியிருந்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரும்போது சொன்னார்: "மிஸ், இதை மணலுக்கை கொண்டுபோகாதேங்கோ. புதைஞ்சால் எழும்பாது. உடைமரத்து முள்ளுக்கும் தாங்காது."

"நான் ஏன் அண்ணை மணலுக்கை போறன்?" என்றேன்.

என் வேலையில் பாதி மணலில்தான். அதை நான் அந்த நேரம் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்க விரும்பினேன். முழங்கால் நோவு, அதனால்தான் மாற்றினேன் என்று வீட்டில் சொன்னேன், கந்தோரிலும் சொன்னேன். உண்மையில் எனக்கு ஆசை. வேறொன்றுமில்லை.

ஐயோ, அந்த முதல் நாள்! பாலத்தில் ஏறினது தெரியாது, அக்கரையில் தள்ளாடி என்கிற ஊர்ச் சந்தி வந்துவிட்டது. வீதியில் நின்ற கழுதைகள் திரும்பிப் பார்த்தன. எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், தலையில் நரை. ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பெட்டை போலச் சிரித்துக்கொண்டு மிதித்தேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்த தூரம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது.

என் பகுதியில் ஒரு குடியிருப்பு காப்பெற் வீதியிலிருந்து ஒரு கட்டைக்கு மேல், ஒரு மைலுக்கும் கூட, உள்ளே இருந்தது. ஐந்து தகரக் கொட்டில்கள். போகிற ஒழுங்கை முழுக்க மணல். ஓரமாக இறுகின நிலத்தில் ஓடலாம் என்றால், மிதிவெடி எடுத்து முடியவில்லை என்று இரு பக்கமும் தடி நட்டு நாடா கட்டியிருந்தார்கள். முதல் கிழமை அந்த ஒழுங்கையில் நான் இரண்டுதரம் விழுந்தேன். முன் ரயரில் முள் ஏறியது. மிச்சத் தூரம் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்கு வந்த கோபம் மணலில் வந்ததா, சில்லில் வந்ததா தெரியாது. காட்டியது அங்கே இருந்த பிள்ளைத்தாச்சியிடம்.

அவளுக்கு அது தலைப்பிள்ளை. முகாமில் கலியாணம் முடித்து, நாலு வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, சொந்தக் காணிக்குத் திரும்பின பிறகு தங்கின கரு. வெள்ளாண்மைக்காரக் குடும்பம். புருசன் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் அருவி வெட்டுக்கு, நெல் அறுக்க, போய்க் கிழமைக்கு ஒருக்கால்தான் வருவான்.

"பிள்ளை, அடுத்த செவ்வாயிலிருந்து நீ றோட்டடிக்கு வா. வேப்பமரத்துக்குக் கீழை வைச்சுப் பாக்கிறன்," என்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா இருக்காமல், "நடந்தால் உனக்கும் நல்லம். சுகமாப் பிள்ளை பிறக்கும்," என்று வேறு சொன்னேன்.

"ஓம் மிஸ்," என்றாள்.

சோம்பேறிக்கு வாழைப்பழம் தோலோடு என்பார்கள். நான் தோலோடும் தின்னவில்லை, அவளைக் கொண்டு உரிப்பித்துத் தின்றேன். ஒவ்வொரு செவ்வாயும் எனக்கு முன்னமே அவள் வேப்பமரத்தடியில் நிற்பாள். தலையில் துவாய், கையில் செருப்பு. மணலில் செருப்போடு நடக்க ஏலாது. நான் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, இருத்திவைத்துப் பிறசர் பார்ப்பேன். சிறுநீர் சோதிக்க வேண்டும். தெருவோரத்தில் ஒரு பெண் எங்கே போவாள்? அதனால் நான் கேட்கவில்லை. போன மாதம் எழுதினதையே கொப்பியில் அதற்குரிய பெட்டியில் திரும்ப எழுதினேன். இடம் என்ற பெட்டியில் 'வீடு' என்று எழுதினேன்.

எட்டாம் மாதம் அவளுடைய கால் வீங்கியிருந்தது. கண்டேன். காணவில்லை என்று சொல்லமாட்டேன். முழங்கால்வரை மணல் ஒட்டிய காலை விரலால் அமத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. ஒரு கட்டை வெயிலில் நடந்து வந்த கால் வீங்கும்தானே என்று நினைத்தேன். பிறசர் கூடக் காட்டியது. நடந்து வந்த களை என்று பத்து நிமிசம் இருத்திவைத்துத் திரும்பப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்திருந்தது. குறைந்ததைப் பதிந்தேன்.

"தலையிடிக்குது மிஸ்," என்றாள்.

"வெயில் குடிச்சிட்டாய். போய்த் தண்ணி குடிச்சிட்டுப் படு."

வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால், பாயில் கிடந்து எழும்பினவளுக்குக் கால் ஏன் வீங்குகிறது, தலை ஏன் இடிக்கிறது என்று எனக்கு உடனே உறைத்திருக்கும். பிறசர் ஏறி வலிப்பு வரப்போகிற அடையாளம், இருபது வயதில் படித்த பாடம் அது. அவளை நடக்கவைத்தது நான். அந்த நடையையே எல்லாவற்றுக்கும் காரணமாக எடுத்துக்கொண்டதும் நான்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அரை மணித்தியாலம் நின்றேன். ஒழுங்கையைப் பார்த்தேன். மணல் பளபளத்தது. ரயரைப் பார்த்தேன். நடந்தால் இருபத்தைந்து நிமிசம். நான் நடக்கவில்லை. மரத்தில் கொப்பியை வைத்து, 'வீட்டுக்குச் சென்றபோது ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு மிதித்தேன். பின்காற்று அன்று. பறந்தேன்.

அந்த நேரம் அவள் கொட்டிலுக்குள் கண் இருட்டிக் கிடந்திருக்கிறாள். விடிய வலிப்பு வந்தது. பக்கத்துக் கொட்டில்காரர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெட்டைப் பிள்ளை. உயிர் இல்லை. தாய் மூன்றாம் நாள் கண் முழித்தாள்.

பிள்ளை இறந்தால் விசாரணை உண்டு. அவள் வீடு திரும்பின பிறகு, வைத்திய அதிகாரி வாகனத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனார். அவளுக்கு ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். நான் வாசலோரம் நின்றேன். டொக்டர் என் கொப்பியை மடியில் வைத்துப் புரட்டினார். கெட்டவர் அல்ல. எழுதியிருப்பதை நம்பினார், அவ்வளவுதான்.

"மிஸ் ஒவ்வொரு கிழமையும் வந்து பாத்தவவோ?"

"ஓம் டொக்டர்."

"கடைசிச் செவ்வாய் மிஸ் வந்த நேரம் வீட்டிலை ஆள் இல்லையெண்டு எழுதியிருக்கு. எங்கை போனனீங்கள்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்க்கிற ரீச்சர்போலப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போனனான் டொக்டர்," என்றாள்.

"இந்த நிலைமையிலை ஆராவது கோயிலுக்குப் போவினமே? வீட்டிலை நிண்டிருந்தால் மிஸ் கண்டுபிடிச்சிருப்பாதானே? உங்கடை பிள்ளை இண்டைக்கு இருந்திருக்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பிழைதான் டொக்டர்."

இல்லை டொக்டர், அவள் வீட்டிலேயேதான் கிடந்தாள், வராமல் போனது நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறக்கவில்லை. வாகனத்தில் திரும்பும்போது டொக்டர், "சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது மிஸ்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் "ஓம் டொக்டர்" என்றேன். அந்த 'ஓம்' இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது.

அடுத்த நாளே பழைய சில்லுகளைக் கேட்டுச் சைக்கிள் கடைக்கு ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர் விற்றுவிட்டார். மீன் சந்தையில் ஐஸ்பெட்டி தள்ளுகிற வண்டிக்குப் பூட்டியிருப்பதைப் பிறகு நானே கண்டேன். சேறும் செதிலுமாக நன்றாகத்தான் உருண்டுகொண்டிருந்தன.

சோறு இறங்கவில்லை. புருசனிடம் சொன்னேன். அவர், "மடு மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வா," என்றார். போனேன். பொய் எழுதினேன் என்று சொன்னேன். சுவாமி செபம் சொல்லச் சொன்னார், முழந்தாளில் நின்று சொன்னேன். மாதா கோயில் வாசலில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, நான் சொல்லவேண்டிய ஆள் இங்கே இல்லை என்று.

அடுத்த செவ்வாய் வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. சைக்கிளை ஒழுங்கைக்குள் இறக்கித் தள்ளினேன். இரண்டு சில்லும் புதைந்து புதைந்து வந்தன. ஒரு இடத்தில் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வேர்வையில் கண் எரிந்தது. எட்டு மாத வயிற்றோடு இதில் போய்வந்தவளை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

அவள் கொட்டிலுக்கு வெளியே முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். பால் கட்டியிருந்தது, சட்டை நனைந்து காய்ந்த அடையாளம் தெரிந்தது. நான் வருவதைக் கண்டு எழும்பப் பார்த்தாள். இருக்கச் சொன்னேன்.

"பிள்ளை, நான் அண்டைக்கு உன்ரை வீட்டை வரேல்லை. பொய் எழுதினனான். உனக்கும் தெரியும். ஏன் நீ டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

இலை உருவுகிற கை நிற்கவில்லை. "சொன்னால் உங்களை மாத்தியிருப்பினம் மிஸ்."

"மாத்தட்டுமே! அது எனக்குச் செய்யவேண்டியதுதானே!"

"மாத்தினால் இஞ்சை ஆர் வருவினம்?" என்றாள். "உங்களுக்கு முன்னம் ஒரு வருசம் ஒருத்தரும் வரேல்லை. அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை இப்ப அஞ்சு மாத வயித்தோடை இருக்கிறாள். பக்கத்திலை இருக்கிறவவுக்கும் நாள் தள்ளிப்போயிருக்கு."

அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை. அப்படியொரு பேச்சுக்கு அவளுக்கு நேரமும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால், மண்ணை அள்ளி வீசியிருந்தால், நான் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நான் பையைத் திறந்து பிறசர் பார்க்கிற சாமானை எடுத்தேன். அவளுடைய கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். அன்றைக்கு நான் எழுதினது உண்மைக் கணக்கு.

கடைசி வீட்டுப் பக்கம் போகத் திரும்பினபோது, உருவின இலையைச் சுளகில் கொட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவையளை மட்டும் றோட்டுக்கு வரச் சொல்லாதேங்கோ மிஸ்."