கண்ணாடி போட்ட பிறகும்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அரை வருஷம் போல ஆனபோது, மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. அவர் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். ஒரு மத்தியானம் கவுண்டரில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லாமல் தப்பினார். பேச்சும் தெளிவாகவே இருந்தது. வலது காலை இழுத்து நடந்தார், வலது கை விரல்கள் மரத்துக் கிடந்தன, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றே நானும் நினைத்திருந்தேன்.

போர்டில் டாக்டர்கள் பார்த்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும். எங்களுக்கு அது தேவையாக இருந்தது. தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் நான்தான் போய்ப் பதிவு செய்திருந்தேன். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் காகிதம், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டு மாமா வந்தார். மாமியின் முழங்காலுக்காக அவர் இரண்டு தடவை போர்டுக்குப் போய் வந்தவர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

“நாளைக்கு ஷேவ் பண்ணிக்கப்டாது. பழைய வேஷ்டி போறும். கையைத் தூக்குன்னா பாதிக்கு மேல தூக்காதேங்கோ. கேட்டா உடனே பதில் சொல்லவும் வேண்டாம். அங்க போய் மிடுக்கா நின்னா ஒண்ணும் கிடைக்காது, கேட்டேளா.”

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இல்லாத வியாதியெல்லாம் நான் காட்டமாட்டேன் மாமா. இருக்கறதே மதி, அது போறும்.”

மாமா போன பிறகும் அவர் கோபம் அடங்கவில்லை. மறுநாள் காலை இடது கையாலேயே சவரம் செய்து, தாடையில் கொஞ்சம் வெட்டிக்கொண்டார். லாட்ஜுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெளிர்நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். பட்டன்களை நான் போட்டுவிட்டேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும்போது வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சங்கோஜப்படுகிறார் என்று நினைத்து நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா, பெரிய பையனாக வளர்ந்துவிட்ட மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வாயைத் துடைப்பதும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். அவனைப் பார்த்ததும் என் கணவர் என் காதருகே குனிந்து, நாம் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். நமக்கு இது கேட்க உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். பெரியவர் ஒருவர் கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். என் கணவர் எல்லாவற்றையும் முழு மூச்சோடு செய்தார். கால் இழுப்பதைக்கூட முடிந்தவரை மறைத்து நடந்தார். சதவீதம் குறைந்துகொண்டே போகிறது என்று எனக்குள் ஒரு பக்கம் பதைப்பு. பெரியவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்காக, ஓரத்தில் இருந்த இளம் லேடி டாக்டர் பேனாவை நீட்டினார். அவர் இருந்தது என் கணவருக்கு வலது பக்கம். பேனா முகத்துக்கு அருகிலேயே இருந்தும் இவர் கை நீட்டவில்லை. நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். டாக்டர் பேனாவை மெல்ல இடது பக்கமாக நகர்த்தினார். அது மூக்குக்கு நேராக வந்ததும் இவர் டக்கென்று வாங்கிக்கொண்டார்.

டாக்டர் எழுந்து வந்து எதிரே நின்றார். சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டி, அதைப் படிக்க முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார்: “சாரே, ஆ சுவரில் எழுதியது ஒந்நு வாயிக்காமோ?”

கண்ணாடி கொண்டு வரவில்லை என்று இவர் சொன்னார்.

“இதோ இருக்கே” என்று நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்போது இவர் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்தார். பிறகு, சத்தம் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார்.

செருப்பை வெளியே கழற்றி வைக்கவும் என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இவர் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. எதிர்வீட்டு மாமா சொன்னதை இவர் கடைசியில் கேட்டுவிட்டார், நடிக்கிறார் என்று நினைத்தேன். அதுவும் இவ்வளவு அப்பட்டமாக. டாக்டர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு காகிதம் கொடுத்து, பெயரும் விலாசமும் எழுதச் சொன்னார். கோணல்மாணலாக இருந்தாலும் இவர் இடது கையால் பிழையில்லாமல் எழுதினார். டாக்டர் காகிதத்தை வாங்கி மடக்கி வைத்துக்கொண்டு, லாட்ஜைப் பற்றிச் சாதாரணமாக ஏதோ விசாரித்தார். சற்றுநேரம் கழித்து அதே காகிதத்தைப் பிரித்து இவர் முன்னால் வைத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

இவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். நெற்றியில் வியர்வை அரும்பியது. தன் பெயரையே, தான் சற்றுமுன் எழுதியதையே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

“யார் எழுதினதுன்னு தெரியலையே.”

நடிப்பு இல்லை என்று அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி வெகுநேரம் சோதித்தார்கள். பிறகு அந்த லேடி டாக்டர் வராந்தாவில் எனக்கு விளக்கினார். கண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பார்வையில் வலது பாதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. எழுத்து வார்த்தையாக மாறுகிற வழியும் அடைபட்டு, படிக்க முடியாமல் போயிருக்கிறது. எழுதுவதற்கு வழி வேறு, அதனால் அது மிஞ்சியது. இப்படிச் சொல்லிவிட்டு, வீட்டில் நீங்கள் யாரும் கவனிக்கவே இல்லையா என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரலில் அல்ல, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவாரே, ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவாரே. சனிக்கிழமைதோறும் ஸ்லோகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவாரே. பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் சரியாகப் புரட்டுவார். அத்தனையும் மனப்பாடம். பேப்பர் செய்தியெல்லாம் டிவியில் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை மாதமாக.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்.

“எப்பலேர்ந்து?”

“முதல் நாள்லேர்ந்தே. ஐசியூல சுவத்துல ஏதோ எழுதியிருந்தது. என்ன பாஷைன்னு தெரியலை. பைத்தியம் பிடிச்சுடுத்துன்னு நினைச்சேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“கையும் காலும் சரியாயிடும்னு எல்லாரும் சொல்லிண்டிருந்தா. நீ சந்தோஷமா இருந்தே. சொல்லிட்டா அது நெஜமாயிடும்னு பயம்.”

அன்று வீட்டில் சமையல் நடக்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை அடிக்கடி பார்த்தேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்த முகம்தான். அதற்குள் இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று தோன்றியது. பல நாட்களுக்கு அவர் எதைக் கையில் எடுத்தாலும் எனக்குத் திக்கென்றது.

போர்டு பார்வையையும் கணக்கில் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. லாட்ஜில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் வாரம் ஒருமுறை போகிறோம். எழுத்தைக் கண்ணால் பார்த்து, அதன் உருவத்தை விரலால் தொடையில் வரையச் சொல்கிறாள். வரையும்போது விரலுக்கு அது என்ன எழுத்து என்று தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை வருவதற்குள் அவர் களைத்துப் போகிறார்.

போன வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயர்ப் பலகையைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் வேஷ்டியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜனம் ஏறியது, கண்டக்டர் மணி அடித்தார், பஸ் புறப்பட்டு வளைவில் திரும்பி மறைந்தது. அதன் பிறகும் விரல் நிற்கவில்லை.

“விழிஞ்ஞம்” என்றார்.

“ஆமா” என்றேன். நாங்கள் போக வேண்டிய பஸ் இன்னும் வரவில்லை.