எண்ணாமல் எழுதிய இருபது

நர்ஸ் வேலை பார்த்த யாரையாவது தனியாக உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். நாடியை எண்ணுவோம், காய்ச்சலை அளப்போம், ரத்த அழுத்தம் பார்ப்போம். மூச்சை மட்டும் எண்ண மாட்டோம். ஆள் சாதாரணமாக மூச்சு விடுகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு சார்ட்டில் இருபது என்று எழுதிவிடுவோம். எழுபதுகளில் சிங்கப்பூரில் நான் பயிற்சியில் இருந்தபோது, மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், நோயாளிக்குத் தெரியாமல் இருக்க நாடி பிடித்த கையை விடாமலே எண்ண வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். பரீட்சையில் அதை அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். வார்டுக்குப் போன முதல் வாரத்திலேயே, முப்பது பேருக்கு முப்பது நிமிடத்தை யார் தரப்போகிறார்கள் என்று புரிந்துவிட்டது. எங்கள் வார்டில் சீனர், மலாய்க்காரர், தமிழர், கிழவர், வாலிபர் என்று பேதமில்லாமல் எல்லோரும் நிமிடத்துக்கு இருபது முறைதான் மூச்சு விட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆண்களின் எலும்பு முறிவு வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கிராஞ்சியில் ஒரு செடித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், லாரியிலிருந்து பூந்தொட்டி இறக்கும்போது விழுந்து, கால் முறிந்து வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்காரி, பத்தாவது மாடியில் கறிவேப்பிலை வைத்து மூன்று முறை கருகவிட்டவள் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணிய ஊத்தியே கொன்னுருப்பீங்க மிஸ்ஸி" என்றார். அந்த நாளில் நர்சுகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிச் சுற்றில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாடியைப் பிடித்தேன். தொண்ணூற்றாறு. கொஞ்சம் வேகம்தான், வலியாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் பெட்பேன் கேட்டு அவசரப்படுத்தினார். மூச்சு என்ற கட்டத்தில் இருபது என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். நாலரை மணிக்கு அதே பக்கத்துப் படுக்கைக்காரர்தான் கூச்சல் போட்டு எங்களைக் கூப்பிட்டார். ஓடினோம். நெஞ்சை அழுத்தினோம், டாக்டர் வந்தார், ஊசி போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். அது திடீரென்று அடைத்ததா, ஒரு மணி நேரமாக அவரைத் திணறடித்துக்கொண்டிருந்ததா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மணி, பார்வையாளர் நேரம். இரண்டு பஸ் மாறி, கையில் அடுக்குச் சட்டியோடு அவர் மனைவி வந்தாள். திரை போட்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுது முடித்து, தண்ணீர் குடித்து, என்னிடம் கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா மிஸ்ஸி? மூச்சுக்குத் தவிச்சாரா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். நானே எழுதிய பொய்யை நானே சாட்சிக்கு இழுத்து, "இல்லம்மா, நாலு மணிக்கு மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு, பாத்தேன்" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டீங்கல்ல, அது போதும்" என்றாள்.

அந்தக் கைகளை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. அடுத்த படுக்கைக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

அதற்குப் பிறகு எனக்கு எண்ணும் வியாதி வந்தது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவரின் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதை எண்ணுவேன். சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் என் இலையில் சோறு ஆறிப்போகும், நான் பக்கத்து மேசைக்காரரை எண்ணிக்கொண்டிருப்பேன். மாதா கோயிலில் பூசை நேரத்தில் முன் பெஞ்சுக் கைக்குழந்தையை எண்ணி, நற்கருணை வாங்க எழுந்து போக மறந்தேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் செய்துபார்த்தேன். அதிலும் என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: "கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன், ரெண்டு வாரம் பூசைக்குப் பிந்திப் போனேன்" என்று நடுவில் ஒளித்துவைத்துச் சொன்னேன். சாமியார் பிந்திப் போனதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னார். ஏமாற்றிவிட்டேன் என்ற நிம்மதி வாசற்படி வரைகூட நிலைக்கவில்லை.

வேலையில் நான் கெட்டுக்கொண்டே வந்தேன். நோயாளிகளிடம் எரிந்து விழுந்தேன். ஜூனியர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி ஓடியது. ஒருநாள் காலை ஒரு மலாய்க்காரப் பெரியவரின் கையைப் பிடித்து எண்ணத் தொடங்கியவள் விடவே இல்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்றார்கள். அவர் பயந்துபோய் அடுத்த படுக்கைக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் தலைமை நர்ஸான வார்டு சிஸ்டர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

வார்டு சிஸ்டரும் தமிழ்க்காரர்தான். மெதடிஸ்ட் சபைக்காரர். ஆனால் யூனிஃபார்மில் இருக்கும்போது தமிழ் ஒரு வார்த்தை வராது. அன்றைக்கு ஆங்கிலத்திலேயே தெளிவாகச் சொன்னார். மூன்று மாதம் விடுப்பு. வெளிநோயாளிப் பிரிவின் மருந்துக் கவுண்டருக்கு மேல் மாடியில் புதிதாக ஒரு சைக்காலஜிஸ்ட் வந்திருக்கிறார், வாரா வாரம் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். சரியாகித் திரும்பி வந்தால் வார்டு இருக்கிறது. இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிவிடு.

எனக்கு நர்ஸ் வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. தலைகீழாக நின்றாவது அந்த வார்டுக்குத் திரும்பிப் போவதென்று படியிறங்கும்போதே முடிவு கட்டிக்கொண்டேன்.

சைக்காலஜிஸ்ட் என்னைவிட இளையவள், சீனப் பெண். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், எனக்கு என்னவோ எல்லாம் தமிழாகவே ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் அவளுக்கு ஜலதோஷம். ஆவி பிடித்தாயா, சாப்பிட்டாயா, இந்த ஃபேனுக்கு நேர் கீழே ஏன் உட்கார்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, நாற்காலியையும் நகர்த்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நேரம் முடிந்துவிட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு மணி நேரமும் நீங்கள் எனக்கு நர்ஸாக இருந்தீர்கள். இங்கே வருகிற நர்சுகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அடுத்த வாரம் நீங்கள் நோயாளி" என்றாள்.

அவளுடைய வைத்தியம் எளிமையானது, கொடூரமானது. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை ஒரு கேசட்டில் பதிந்து கொடுப்பாள், வீட்டில் தினம் ஒருமுறை போட்டுக் கேட்க வேண்டும். பயம் தேய்கிறவரை கேட்க வேண்டும் என்றாள். இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் வந்துவிட்டன. அன்று எனக்கு அது வீட்டுப்பாடம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடிவாதமாகக் கேட்டேன். முதல் நாட்களில் வாந்தி எடுத்தேன், முகம் கழுவிவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன்.

மூன்றாம் வாரம் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. "நாடி தொண்ணூற்றாறு" என்கிறது கேசட். அடுத்த வாக்கியமே "நாலரைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிட்டார்." அவளும் அதைக் கவனித்திருந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அதற்கடுத்த வாரம், "தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். சரி என்றாள். எண்ணவில்லை, எண்ணாமல் எழுதினேன், அவர் மனைவியிடம் பொய் சொன்னேன் என்று தமிழில் கடகடவென்று கொட்டி அழுதேன். அவள் கைக்குட்டையை நீட்டிவிட்டு, "நல்லது. விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் படிகளைத் தடதடவென்று இறங்கினேன். ஆனால் அடுத்த வாரம் போனேன், சொன்னேன்.

உன்மேல் தவறில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"எண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா?"

"தெரியாது."

"உங்கள் பெரிய டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரிந்தது என்ன?"

எண்ணவில்லை. எண்ணியதுபோல எழுதினேன். அந்தப் பெண்ணிடம் பார்த்தேன் என்று சொன்னேன். இவ்வளவுதான் தெரியும் என்றேன். அப்படியானால் இவ்வளவுக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாததற்கு உங்களைத் தூக்கில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றாள். அதைக் கேட்டு உடனே குணமாகிவிடவில்லை. இன்னும் ஐந்தாறு வாரம் கேசட்டைக் கேட்டேன். சாப்பாட்டுக் கடையில் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு எழப் பழகினேன். பஸ்ஸில் தூங்குகிறவரைத் தூங்க விட்டேன். மனசுக்குள் எண்ணிக்கை எட்டு, ஒன்பது என்று ஓடினாலும், அவர் பாட்டுக்கு மூச்சு விடட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

விடுப்பு முடிகிற வாரம் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தார், எதையும் இரண்டு முறை யோசிப்பவர்.

"யாருமே கேக்கல லா. நீயாப் போயி எதுக்குச் சொல்லணும்? அந்த டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"சொல்லச் சொல்லல. அது உங்க இஷ்டம்னுட்டாங்க."

"அப்புறம் என்ன? வேலை போயிரும்."

"போனாப் போகட்டும். இத மறைச்சு வச்சுக்கிட்டு அந்த வார்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். வச்சா மறுபடியும் எவர் கையையாவது புடிச்சுக்கிட்டு நிப்பேன்."

அவர் மறுநாள் என்னோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

சிஸ்டரின் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். தேதி, நேரம், படுக்கை எண், நான் எழுதியது, அவர் மனைவியிடம் சொன்னது. எதையும் விடவில்லை. சிஸ்டர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இதை மேட்ரனுக்கு எழுத வேண்டியிருக்கும், தெரியும்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும் என்றேன். மேட்ரன் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், நான் ஓய்வு பெறும்வரை அது என் ஃபைலில் கிடந்தது. கிராஞ்சிக்காரரின் மனைவியைத் தேடி நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமா, அவள் நிம்மதியைக் கெடுக்காமல் விட்டது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்த அறையில், வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யூனிஃபார்மில் வா என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவுவரை போய்விட்டேன்.

"கதவச் சாத்தும்மா" என்றார். தமிழில்.

சாத்திவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கும் அப்படி ஒரு கேஸ், வார்டுல ஒரு சின்னப் பிள்ளை. நாலு வயசு. டிரிப் ஓடுதான்னு பாக்காமலே ஓடுதுன்னு எழுதிட்டேன். நீ நர்ஸிங் சேர்றதுக்கு முந்தி." பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

மேசைக்குப் பக்கத்தில் திரும்பி வந்தேன். 

"மேல் மாடியில அந்த சைக்காலஜிஸ்ட் பொண்ணு என்னைக்கெல்லாம் இருப்பா?"

"புதன்கிழமை, சிஸ்டர். மத்தியானம்."

"புதன்கிழமை மத்தியானம் எனக்கு டியூட்டி."

"போயிட்டு வாங்க சிஸ்டர்" என்றேன். "வார்ட நான் பாத்துக்கறேன்."