மூணு பேருக்கு இடமில்லை

இது நிஜமாக நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கும் அவர் மகளுக்கும். அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்து லென்ஸ் மாட்டி விடுகிறவர். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர். நான் பேய்ப்படம் போட்டால், "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று டி.வி.யை அணைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் இப்போதெல்லாம் இருட்டினால் வாசல் பக்கம் வருவதில்லை. அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டேன். ஒரு சொல் மாறவில்லை.

மகளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். சும்மா இருப்பானேன் என்று அப்பாவும் மகளும் நெடுந்தூர சைக்கிள் பயணம் கிளம்பினார்கள். ரயில் நின்றுபோன ஒரு பழைய பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சைக்கிளுக்கென்றே தார் போட்டிருக்கிறார்கள். லாரி, பஸ் தொல்லை கிடையாது. வழியில் இருக்கிற ஊர்களில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவார்கள். ராத்திரி படுத்து, காலையில் எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பிள்ளையை முழுசாக் கொண்டு வந்து சேர்க்கணும். இல்லேன்னா நீங்களும் வர வேண்டாம்."

அத்தான் ஏற்கெனவே குடை பிடித்துக்கொண்டு குளிக்கிற ரகம். அக்கா இப்படிச் சொன்னதும் கேட்க வேண்டுமா? சட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அவர் முன்னால், மகள் பின்னால். ஓட்டும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது. தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும். அப்படி ஒருமுறை விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டவர் அவர். அதனால் எல்லாப் பேச்சும் சைக்கிள் பெல்லில்தான். ஒரு தடவை அடித்தால், நான் இருக்கிறேன். இரண்டு தடவை அடித்தால், வண்டி வருகிறது, ஒதுங்கு. மூன்று தடவை அடித்தால், நில். ஒருவர் அடித்தால் மற்றவர் பதில் அடித்தே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. பாதையோரத்தில் ஒரு சின்ன ஊர். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்த ஆள் பல்குச்சியால் பல்லை நோண்டிக்கொண்டே இவர்களை மேலும் கீழும் பார்த்தான்.

"மூணு பேருக்கு இடமில்லை."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"பாவம், கண்ல பவர் ஏறியிருக்கு," என்றார் அத்தான். "நம்ம கடைக்கு வந்தா சரி பண்ணிடலாம்."

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது வீட்டு வாசலில் 'அறை காலி' என்று பலகை தொங்கியது. இவர்கள் கேட்டைத் தொடும்போதே ஒரு பெண் வெளியே வந்து பலகையைத் திருப்பி மாட்டினாள்.

"ரெண்டு பேர்தாங்க. நானும் என் பொண்ணும்," என்றார் அத்தான்.

அவள் இவரைப் பார்க்கவே இல்லை. இவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்போ அவங்களை மொதல்ல போகச் சொல்லுங்க."

அத்தான் திரும்பினார். சுவரில் சாய்த்த இரண்டு சைக்கிள்கள். அதற்கப்பால் நனைந்த தெரு. யாரும் இல்லை.

மூன்றாவது வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலிங் பெல்லை அழுத்தியதும் அணைந்துவிட்டது. அந்த வீட்டு நாய் மட்டும் சங்கிலியை இழுத்துக்கொண்டு உறுமியது. அத்தானைப் பார்த்து அல்ல. வாலுவைப் பார்த்தும் அல்ல. இருவருக்கும் நடுவில் ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து.

பெண் பிள்ளை சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இவர்களெல்லாம் மனுஷ ஜென்மங்களா என்று அத்தான் சத்தமாகவே திட்டினார். எந்த ஜன்னலும் திறக்கவில்லை.

ஊர்க்கோடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அவரும் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"பழைய ரயில் சுரங்கம் தாண்டினா லாட்ஜ் இருக்கு. வெளியூர்க்காரங்க நடத்துறது. அங்க கேட்டுப் பாருங்க."

"மெயின் ரோடு வழியா போனா?"

"சுத்து. லாரி வேற பறக்கும். சுரங்கத்து வழியாவே போங்க. ஆனா ஒட்டியே ஓட்டுங்க. நடுவுல இடம் விடாதீங்க."

ஷட்டர் கீழே வந்துவிட்டது. அதில் எழுதியிருந்த போன் நம்பரை அத்தான் படம் எடுத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்கிற வழக்கமான புத்திதான்.

கொஞ்ச தூரம் வந்ததும் மகளிடம் சொன்னார். "ஈரத்துல ஒட்டி ஓட்டுனா பிரேக் பிடிக்காது. ரெண்டு பேரும் சேர்ந்து விழட்டும்னு சொல்றான் பாரு. நீ நல்லா இடம் விட்டே வா."

சைக்கிள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

சுரங்கத்துக்குள் நுழையும்போது மணி ஆறு பத்து. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே கும்மிருட்டு. மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் பெல்லை ஒரு தடவை அடித்தார்.

ட்ரிங்...

பின்னாலிருந்து பதில் வந்தது.

ட்ரிங்.

நிம்மதியாக மிதித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தார். அவருடைய பெல் சத்தம் சுவரில் மோதி மோதிப் போனது. ட்ரிங்... ரிங்... ரிங்... பின்னாலிருந்து வந்த பதில் எங்கேயும் மோதவில்லை. ட்ரிங். அவ்வளவுதான்.

பெல்லுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் டயர் சத்தம் நெருங்கியது. ஈரத் தாரில்... ஸ்ஸ்ஸ்... இன்னும் நெருங்கியது. இவருடைய பின்சக்கரத்தை உரசுகிற மாதிரி.

"இடம் விட்டு வாம்மா!"

ட்ரிங்.

காதுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் அத்தான் முன்னால் ரோட்டைப் பார்த்தார். அவருடைய விளக்கு வட்டமாக வெளிச்சம் போட்டிருந்தது. பின்னால் வருகிறவளும் விளக்குப் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் இவருடைய நிழல் முன்னால் நீளமாக விழ வேண்டும். வெளிச்சத்தை வைத்தே பிழைக்கிறவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நிழல் இல்லை.

கால் தானாக வேகம் பிடித்தது. சுரங்கத்து வாய் வந்தது. வெளியே வந்தார். மணி ஆறு பதினெட்டு. பெல்லை மூன்று தடவை அடித்து நின்றார்.

பின்னால் டயர் சத்தமும் நின்றது.

ஈரத்துணி வாடை அடித்தது. நாள்கணக்காகக் காயாத துணியின் வாடை.

அப்புறம்... தூரத்தில்... சுரங்கத்துக்குள் இருந்து...

ட்ரிங் ட்ரிங் ட்ரிங்.

நில்.

அது அவருடைய மகளின் பெல்.

அது ஓய்வதற்குள் இவர் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று.

ட்ரிங்.

நான் இருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடினார். "வாலு! வாலு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். வழியில் எதுவும் எதிர்ப்படவில்லை. பாதித் தூரத்தில் அவள் நின்றாள். சைக்கிள் செயின் கழன்று தொங்கியது. அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் ரயில் வரும்போது வேலையாட்கள் ஒதுங்கி நிற்பதற்காகச் சுவரில் மாடம் மாதிரி குடைந்து வைத்திருந்தார்கள். அவள் அதற்குள் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வர்றேம்ப்பா... செயின் கழண்டுடுச்சு... இருங்க..."

அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"வாலு."

அவள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் மாடத்தைப் பார்த்தாள்.

"நீங்க... உள்ளதானே நின்னீங்க? சிவப்பு லைட் தெரிஞ்சுதே. மூணு தடவை அடிச்சேன், நீங்க ஒண்ணுதான் அடிச்சீங்க. இங்கயே தங்கிக்கலாம், வான்னு கை காட்டினீங்களேப்பா..."

டார்ச்சை அடித்தார். மாடத்தின் ஆழம் ஒரு கை நீளம்கூட இல்லை. தரையில் ஒற்றை சைக்கிள் டயர்த் தடம், ஈரமாக, உள்ளே போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

இரண்டு சைக்கிள்களையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கையை இறுகப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். லாட்ஜாவது மண்ணாங்கட்டியாவது! கை காட்டியதும் ஒரு லாரி நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "முன்னாடி ரெண்டு பேருக்குத்தான் இடம். அந்தக்கா பின்னாடி ஏறிக்கட்டும்."

எந்த அக்கா என்று அத்தான் கேட்கவில்லை.

"வண்டியை எடுங்க," என்றார். "சீக்கிரம்."

வீட்டுக்கு வந்த மறுநாள் அந்த சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டார். வாய்க்கு வந்தபடி திட்டினார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினார்.

"நடுவுல இடம் விடாதீங்கன்னு சொன்னேனே சார்."

அப்புறம் அவரே சொன்னார். "தனியா சைக்கிள்ல வந்த பொண்ணு சார். நல்ல மழை. எங்க ஊர்ல எல்லாக் கதவையும் தட்டியிருக்கா. தனியா வந்தவளாச்சே, என்ன வில்லங்கமோன்னு யாரும் திறக்கல. காலையில சுரங்கத்து மாடத்துல உட்கார்ந்த வாக்கிலயே விறைச்சுப் போய்க் கிடந்தா. அதுக்கப்புறம் யார் வந்து தட்டினாலும் அவளும் கூட நிக்கிறா. எப்படித் திறக்கிறது, சொல்லுங்க?"

அத்தான் போனை வைத்துவிட்டார். அக்காவிடம் இதில் எதையுமே சொல்லவில்லை. பிள்ளையை முழுசாகக் கொண்டு வந்து சேர்த்தாரே என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே எனக்குப் பகீரென்றிருந்தது. இதோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் வாலுவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அவள் தங்க ஒரு அறை பார்க்க வேண்டும். அத்தான் வர மறுத்துவிட்டார், நான்தான் பைக்கில் கூட்டிப் போனேன். "நீங்க வந்து பேரம் பேசிக் காரியத்தைக் கெடுப்பீங்க மாமா, இங்கயே இருங்க," என்று என்னைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் போனாள். நல்ல பகல் வெயில். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒருத்தருக்குத்தான் ரூமாம் மாமா. ரெண்டு பேருக்கு இடமில்லையாம்."

"நீ ஒருத்திதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அந்தம்மா எனக்குப் பின்னாலயே பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டாங்க." அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தத் தெருவுல இது நாலாவது வீடு மாமா."

ஏறு என்று சைகை காட்டினேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு தடவை அமுங்கியது.

கிளட்சைப் பிடித்தேன்.

வண்டி இன்னொரு தடவை அமுங்கியது.