துரைசானி எழுதிய ரோசரி

திருச்சி கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் ரோசரியம்மாவும் நானும் பதினோரு வருஷம் எதிரெதிர் மேஜையில் வேலை பார்த்தோம். அவர் டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. முதல் பல வருஷங்கள், "அழகிரி, இந்தப் பக்கத்துல தேதி விட்டுப் போயிருக்கு" என்பதைத் தாண்டி அவர் பேசியதில்லை. மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். இங்கே நான் எழுதுவது பிற்பாடு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "கேட்டீங்களே, எழுதுங்க" என்றார்.

ரோசரியம்மா பாலக்கரையில் பிறந்தவர். அப்பா அருள்நாதன் ரயில்வேயில் கார்டு. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் லூர்து கல்யாணம் செய்துகொண்டு மதுரைக்குப் போனார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்தபோது ரோசரியம்மாவுக்கு இருபத்து மூன்று வயது. டைப்பிங் படித்து வேலைக்குப் போனார்.

1949-ல் அதே பங்குக் கோயிலைச் சேர்ந்த கிளமென்ட் என்ற பள்ளி ஆசிரியருக்கு அவரைப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார். கிளமென்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. காரணம் கேட்டவர்களுக்கு அவன் பதில் சொல்லவில்லை. ஒரு பெண்ணை நடுத்தெருவில் விட்டவன் என்று அவன் அம்மாவே அவனோடு பேசுவதை நிறுத்தினாள். ஆறு மாதத்தில் ராஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். எல்லோரும் ரோசரியம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

1952-ல் கன்டோன்மென்ட் பங்களா ஒன்றில் அவருக்குச் சாயங்கால வேலை கிடைத்தது. தோல் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர் ஒருவரின் மனைவி, டோரத்தி கார்வெல் என்ற துரைசானி, நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்குமாம். அதை டைப் செய்து தர வேண்டும். முதல் நாவலை மூன்று தடவை முழுசாக டைப் செய்தார் ரோசரியம்மா. லண்டனில் மூன்று பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. ஒவ்வொரு தடவை பார்சல் திரும்பி வந்தபோதும் துரைசானி இரண்டு நாள் அறையை விட்டு வர மாட்டாள். மூன்றாம் நாள் வந்து, "முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிப்போம், ரோசரி" என்பாள். அந்தப் பிடிவாதம் ரோசரியம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஒரு வாக்கியத்தை வாய்விட்டு வாசித்து, எது சரியாக இருக்கிறது என்று துரைசானி அவரிடம் கேட்பாள். அதற்கு முன்னால் அவரிடம் யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை.

1954 ஆடியில் காவிரியில் வெள்ளம் வந்திருப்பதைப் பார்க்க இருவரும் காரில் ஸ்ரீரங்கம் போனார்கள். அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டமாக இருந்ததால் கொஞ்சம் தள்ளிப் போய்க் கரையில் உட்கார்ந்தார்கள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே துரைசானி சொன்னாள், இங்கிலாந்தில் தனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நான்கு மாதத்தில் இறந்துபோனது என்று. அந்த நேரம் தான் வீட்டில் இல்லாமல் வேறோர் ஆணோடு இருந்ததாகவும் சொன்னாள். புருஷனுக்கு அது தெரியாது.

அதைக் கேட்டபின் ரோசரியம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. தன்னுடையதைச் சொன்னார்.

கல்யாணம் வேண்டாம் என்று சொன்னது கிளமென்ட் இல்லை. இரண்டாவது ஓலை வாசித்த சாயங்காலம், வேலையை விட்டுவிட வேண்டும், அப்பா மதுரையில் அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்று கிளமென்ட் சொன்னான். எல்லாரும் செய்வதைத்தான் சொன்னான். ரோசரியம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு, நிறுத்திவிடலாம் என்றார். கிளமென்ட், "நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும். பொண்ணு நிறுத்திட்டான்னா உன்னை விடமாட்டாங்க. ஆம்பளையை ஆறு மாசத்துல மறந்துருவாங்க" என்றான்.

யாரும் மறக்கவில்லை. அவன் அம்மா மறக்கவில்லை. ரோசரியம்மா வாயைத் திறந்திருந்தால் ஒரே நாளில் அது சரியாகியிருக்கும். திறக்கவில்லை.

"ஏன்?" என்று துரைசானி கேட்டாள்.

"எல்லாரும் என்கிட்ட அன்பா இருந்தாங்க, மேடம். அதுக்கு முன்னாடி யாரும் அப்படி இருந்ததில்ல."

1956-ல் கார்வெல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அதே வருஷம் ரோசரியம்மாவின் அப்பா இறந்தார். மேலப்புதூரில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் லண்டனிலிருந்து கடிதம் வரும். 1957-ல் துரைசானியின் நாவல் ஒருவழியாக அச்சானது. 'ஒவ்வொரு சொல்லையும் டைப் செய்து சிலவற்றைத் திருத்தியும் கொடுத்த ரோசரிக்கு' என்று கையெழுத்திட்டு ஒரு பிரதி வந்தது. இரண்டாவது நாவலும் வந்தது. இரண்டுமே சரியாக விற்கவில்லை. 1961-ல் மூன்றாவது நாவலுக்கு அங்கே ஒரு பெரிய பரிசு கிடைத்தது. பத்திரிகைகளில் அவள் படம் வந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தின் பிரதி மட்டும் வரவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாள் என்று ரோசரியம்மா நினைத்துக்கொண்டார்.

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிளமென்டின் தங்கை பேட்ரிசியா அவர் அறைக்கு வந்தாள். கான்வென்ட் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பதிமூன்று வருஷமாக அவளுக்கும் ரோசரியம்மாவுக்கும் பேச்சு கிடையாது. கையில் அந்தப் புத்தகம். சீமைக்குப் போய்வந்த கன்னியாஸ்திரி ஒருவர் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்ததாம்.

"நீங்க இதைப் படிச்சீங்களா, ரோசரிக்கா?"

"இல்ல."

"மலைக்கோட்டை இருக்கு, காவிரி இருக்கு, டைப் அடிக்கிற பொண்ணு இருக்கா. அவளுக்காக ஒருத்தன் பழியை ஏத்துக்கிட்டு ஊரை விட்டுப் போறான். சாமியார் தாளை மடிக்கிறது வரைக்கும் எழுதியிருக்கு. இது கதையா, நிஜமா? அதை மட்டும் சொல்லுங்க."

ரோசரியம்மா புத்தகத்தை வாங்கி நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். தான் சொன்ன சொற்கள் அப்படியே இருந்தன. அன்பாக இருந்தார்கள் என்று சொன்னதுகூட.

"நிஜம்" என்றார்.

பேட்ரிசியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்கம்மா சாகும்போது அண்ணன் வந்து வாசல்ல நின்னான். முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. உள்ள விடல" என்றாள். அவள் அழவில்லை. "அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே வந்து சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றே ரோசரியம்மா லண்டனுக்கு எழுதினார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரே ஒரு வரி. மூன்று வாரத்தில் பதில் வந்தது. நான்கு பக்கம். மன்னிப்புக் கேட்டிருந்தாள். அந்தக் கதை தன்னை விடவே இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'அங்கே அதைப் படிக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்' என்று இருந்தது. அந்த வரியைத்தான் ரோசரியம்மாவால் தாங்க முடியவில்லை. "என் கதையை எழுதினது கூடப் பரவாயில்ல, அழகிரி. அவங்க கதையையும்தான் அன்னிக்கு ஆத்தங்கரையில சொன்னாங்க. அதை எந்தப் புத்தகத்திலயும் எழுதல" என்றார் என்னிடம். அதன்பிறகு வந்த கடிதங்களுக்கு அவர் பதில் போடவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் அவையும் நின்றன.

கிளமென்டின் அப்பா அமிர்தராஜைப் பார்க்கப் போக அவருக்கு இருபது நாள் ஆயிற்று. வாயால் சொல்ல முடியாது என்று பயந்து, நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனார். அடுத்தவர்கள் எழுதியதை ஆயிரக்கணக்கான பக்கம் டைப் செய்தவர். அந்த ஒரு தாளுக்கு நான்கு நாள் பிடித்தது. பெரியவர் ஈஸிசேரில் இருந்தார். பேட்ரிசியா கதவோரம் நின்றாள். ரோசரியம்மா வாசித்து முடித்தார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கப்பாவை யார் பார்த்துக்கிட்டா, கடைசி வரைக்கும்?"

"நான்தான், மாமா." பழைய உறவு முறை அவரறியாமல் வந்துவிட்டது.

"அதை அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, உங்கப்பாவும் இங்கயே இருக்கட்டும்னு நான் சொல்லியிருப்பேனேம்மா."

ரோசரியம்மா எத்தனையோ விதமாகத் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தார். இதற்குத் தயாராக இல்லை.

"எனக்குக் கை நடுங்குது. அவனுக்கு நான் சொல்றபடி ஒரு லெட்டர் எழுது" என்றார் பெரியவர். ரோசரியம்மா எழுதினார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கிளமென்ட் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பூசை முடிந்து கோயில் வாசலில் எதிரே வந்தவர் நின்றார். தலையில் பாதி நரை. "நல்லா இருக்கியா ரோசரி?" என்றார். "இருக்கேன்" என்றார் இவர். "அப்பா லெட்டர்ல கையெழுத்து உன்னோடதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் கூப்பிடவும் போய்விட்டார். அவ்வளவுதான் பேசினார்கள்.

விஷயம் பங்கு முழுக்கப் பரவியது. முன்பு பரிதாபப்பட்ட பெண்கள் இப்போது பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரும் ஏசவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், கருமாதி எதற்கும் அவருக்குச் சொல்வதில்லை. ஆபீஸ் விட்டதும் நேராக அறைக்குப் போவார். என்னிடம் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், அந்தக் கோயிலுக்குச் சம்பந்தமில்லாதவன் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1965-ல் பெரியவர் அமிர்தராஜ் இறந்தார். யாரும் சொல்லாமலே ரோசரியம்மா போனார். நானும் துணைக்குப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில், கூட்டத்தை விட்டு விலகி நின்றார். உள்ளேயிருந்து வந்த பேட்ரிசியா அவரைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள். ஓர் ஆள் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ரோசரியம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்.

அவர் அதில் உட்கார்ந்தார். சவப்பெட்டியைத் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.