செவ்வாய்க்கிழமை மட்டும்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை மட்டும். ஷூ கம்பெனியில் என் மருமகளுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்படி வைத்தவர்கள் யாரும் பிள்ளை சுமந்தவர்கள் இல்லை.

ஒரு தடவைக்கு மேல் லீவு கேட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்ட வேண்டும். காட்டினால், "பெத்துட்டு வாம்மா, அப்பறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன எதிர்வீட்டுப் பெண்ணை மறுபடி சேர்க்கவே இல்லை. அதனால் என் மருமகள் மூன்றாம் மாதம் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போய்க் கர்ப்பிணி அட்டை வாங்கியதோடு சரி. ஏழு மாதம் வரை தொளதொள கம்பெனிக் கோட்டுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

பிரசவம் வரை கழற்றக் கூடாத வளைகாப்பு வளையலை ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு, கம்பெனியில் தெரிந்துவிடும் என்று திங்கட்கிழமை விடியலில் நானே சோப்பு தடவிக் கழற்றினேன். போடும்போதே, அவள் எப்போதும் போடும் அளவு கையில் ஏறவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று போய்ச் சண்டை போட்டுப் பெரிதாக மாற்றி வந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், மாத்திரையாவது வாங்கலாமே என்று.

"இன்னா ஆயா, வயித்த வூட்ல வுட்டுட்டு அட்டைய மட்டும் எடுத்துனு வந்தியா?" என்றாள் நர்ஸ். வரிசையே சிரித்தது.

"அவளுக்கு லீவு குடுக்கல. நீ ஞாயித்துக்கிழம பாரு, இட்டுனு வர்றேன்."

"எனக்கும் வூடு வாசல் இருக்கு ஆயா. கால் வீங்குதா அவளுக்கு?"

"நாளெல்லாம் உக்காந்துனே இருந்தா வீங்காம இன்னா பண்ணும்?"

"கை?"

கடையில் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. வளையல் சரியான அளவுதான். கைதான் வீங்கியிருந்தது.

நேராகக் கம்பெனிக்குப் போய் கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்தேன். தோல் ஏற்றிய வண்டி நின்றது. "எழுந்துரு ஆயா, பேஜார் பண்ணாத" என்றான் வாட்ச்மேன். "ஏழு மாசக்காரி உள்ள இருக்கா. அவளை அனுப்பு, எழுந்துக்கறேன்" என்றேன்.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லிட்டீங்களா அத்தை? வேலை போச்சு."

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரஷர் பார்த்த நர்ஸ் பிறகு கிண்டல் பண்ணவில்லை. அவளே ஆம்புலன்ஸை வரவழைத்து வேலூருக்கு அனுப்பினாள்.

இருவரும் பிழைத்தார்கள். பேத்தி பிறக்கும்போது ஒன்றரைக் கிலோ. கம்பெனியில் போய் அவளுக்கு மறுபடி வேலை கேட்டதற்கு, முன்னாலேயே சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருப்போமே என்றார் சூப்பர்வைசர். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். என் மருமகள் உட்கார்ந்த மெஷினில் அப்போது புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.