டேப்புக்கு எட்டாத தாண்டல்

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. மற்றப் பிள்ளைகள் சுற்றிப் போய்ப் பாலத்தில் கடப்பார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்தவள் நான். ஊர் வாய்க்கு மெல்ல அதுவே போதுமானதாக இருந்தது. தாண்டல் வேறு சேர்ந்துகொண்டது. எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் ஒப்பித்தாள். அப்பா பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அதிகம் பேசாதவர். இன்னொரு தடவை நான் தாண்டினதாகத் தெரிந்தால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்றார். சொன்னால் சொன்னதுதான் என்பதால் நானும் பாலத்தில் நடந்தேன். பாலத்தில் போகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சோம்பேறிகளாகவே தெரிந்தார்கள்.

அந்த வருடம் மில்லுக்குப் புது மிஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினியரும் அவர் மனைவியும் வந்து மில் பங்களாவில் தங்கினார்கள். அப்பாவை அந்த இன்ஜினியருக்கு உதவியாகப் போட்டார்கள். தங்களுக்குள் பொதுவான பாஷை ஒன்று இல்லாமலே இருவரும் மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். இன்ஜினியர் வாயில் ஓயாமல் வந்த ஒரே இங்கிலீஷ் சொல் ‘மெஷர்’ என்பதுதானாம். அளக்காமல் ஒரு நட்டைக்கூட முடுக்க விடமாட்டாராம்.

ஜெர்மன்காரம்மாவைப் பற்றிய சேதியும், மில் ஆபீஸில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டு, அப்பா வழியாகத்தான் வந்தது. அவர் ஒரு காலத்தில் நீளம் தாண்டுகிறவராம். சிறு பெண்ணாகத் தாண்டத் தொடங்கி, நாட்டிலேயே முதலாவதாக வந்து, பிறகு யுத்தம் வந்து, யுத்தம் முடிந்தபின் அரைவயிற்றோடும் தாண்டி, ஒருநாள் போதும் என்று விட்டுவிட்டாராம்.

“தாண்டறதுக்கு ஆரு சம்பளம் குடுப்பாங்க? அதுல அடுப்பு எரியுமாக்கும்?” என்றாள் அத்தை.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது, “அந்தம்மா ரொம்பத் தொலைவு தாண்டுனத மட்டும் ஆருமே அளக்கலையாமா,” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டேப் போதவில்லை! மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பினேன். டேப் முடிகிற இடத்தையும் தாண்டிப் போய் விழுந்த ஒரு பொம்பளை எங்கள் மில்லில் இருக்கிறார் என்றேன். நம்பாதவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று மிஷின்கள் நின்று, சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொழிலாளிகளின் குடும்பங்களுக்குப் பொரிகடலையும் விளையாட்டுப் போட்டியும் உண்டு. ஆண்களுக்கு நீளம் தாண்டுதல். பெண்பிள்ளைகளுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம். பரிசு கொடுக்க ஜெர்மன்காரம்மாவை அழைத்து, மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

போன வருடம் கட்டாந்தரையில் விழுந்து ஒருவருக்குக் கால் பிசகியிருந்தது. அதனால் இந்த முறை மேஸ்திரி குழி வெட்டி, அது நிறையக் கழிவுப் பஞ்சைக் கொட்டி வைத்திருந்தார். “மில்லுக்காரன் மண்ணுல உழுகலாமுங்களா?” என்று எல்லாரிடமும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாண்டியவர்கள் இடுப்புவரை புதைந்து, தலை நரைத்த கிழவர்களாக எழுந்து வந்தார்கள். நல்ல வேடிக்கைதான். ஆனால் ஆள் எழுந்ததும் பஞ்சும் உப்பி எழுந்தது. யார் எங்கே விழுந்தார் என்பதற்கு ஒரு சுவடும் இல்லை. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்காரர்கள் ஓரிடத்தைக் காட்ட, நூல் நூற்கும் ஸ்பின்னிங்காரர்கள் வேறிடத்தைக் காட்ட, வேட்டியை மடித்துக் கட்டும் அளவுக்கு வழக்கு முற்றியது.

ஜெர்மன்காரம்மா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். பஞ்சில் கையை அழுத்தி எடுத்து, உப்பி வருவதைக் காட்டினார். பிறகு தரையில் புழுதியைக் கூட்டி, அதில் கையைப் பதித்துக் காட்டினார். முதலில் புரிந்துகொண்டவர் அப்பா. மில்லுக்குப் பின்னால் கட்டிட வேலைக்குக் குவித்திருந்த ஆற்று மணலை ஆட்களோடு கூடையில் சுமந்துவந்து கொட்டினார். அந்த அம்மாவே பலகை போட்டு மட்டம் செய்தார். பிறகு, ஒருவர் தாண்டிப் பாருங்கள் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நெளிந்தார்கள்.

அத்தை என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். “அம்மணி, உங்கப்பன் சொன்னது நெனப்பிருக்கட்டும்.”

நினைப்பிருந்தது. ஐந்தாம் வகுப்போடு சரி. எதிரே கையில் வெறுங்கூடையோடு அப்பா நின்றார். நிற்கட்டும், பார்க்கட்டும் என்று தோன்றியது. வாய்க்காலை நான் ஒருநாளும் திருட்டுத்தனமாகத் தாண்டியதில்லை. பின்னலை உருவிக்கொண்டு, பாவாடையைச் செருகி, ஓடினேன்.

மணல் குளிர்ந்திருந்தது. எழுந்து திரும்பியபோது யாரும் சிரிக்கவில்லை.

“செரி, மணல் நல்லா இருக்குதுங்க. அந்தச் சுவட்ட அழிச்சுப்போடுங்க,” என்றார் மேஸ்திரி. “பொம்பளப் புள்ள தாண்டுனதயெல்லாம் அளக்கோணுமுங்களா?”

ஒருவர் பலகையோடு வந்தார். ஜெர்மன்காரம்மா என் சுவட்டை மறைத்து நின்றார். பலகைக்காரர் வலப்பக்கம் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். இடப்பக்கம் வந்தால் அங்கும் வந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “மெஷர்,” என்றார்.

மாதக்கணக்காக அந்தச் சொல்லுக்குப் பழகிய கை. அப்பா சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார். என் குதிகால் பதிந்த இடத்தில் அந்த அம்மா நுனியைப் பிடிக்க, தாண்டிய கோட்டில் அப்பா மண்டியிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அளவை உரக்கப் படித்தார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்த அளவை இன்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஜெர்மன்காரம்மா கைதட்டவில்லை. டேப்பைச் சுருட்டிய பிறகும் சுவட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்புக்கு எட்டாமல் தாண்டியவருக்கு என் தாண்டல் அற்பமாகத் தெரிகிறதாக்கும் என்று எனக்கு ரோஷம் வந்தது. அவரை முறைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு நடக்கையில், சொன்ன சொல் என்ன ஆச்சு என்று அத்தை கேட்டாள்.

“அளந்துபோட்டனே அக்கா,” என்றார் அப்பா. “இனி எப்படி இல்லீங்கறது?”

மறுவருடம் ஆறாம் வகுப்புக்குப் போனேன், வாய்க்காலைத் தாண்டித்தான்.

கல்லூரியில் ஒரு சரித்திர வகுப்பில், யுத்தம் முடிந்து நடந்த முதல் உலக விளையாட்டுப் போட்டிக்கு ஜெர்மனியை அழைக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த நாடு செய்த அக்கிரமத்துக்கு அது தகும் என்றாள் பக்கத்தில் இருந்தவள். தகும்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குமேல் பாடம் காதில் ஏறவில்லை. அந்தப் போட்டிக்குப் போக முடியாமல், அரைவயிற்றோடு ஏதோ ஒரு மைதானத்தில், தன் வாழ்நாளிலேயே தொலைவான தாண்டலைத் தாண்டிவிட்டு, மணலிலிருந்து எழுந்து சுற்றிலும் பார்க்கிற ஒரு பெண் என் கண்முன் தெரிந்தாள்.

டேப் போதாமல் போகவில்லை. பிடிக்க ஆள் வரவில்லை.