கடைசிப் பக்கங்கள் குடவாசல் பக்கம் போன கதை

ஒரு புத்தகக் கண்காட்சி மேடையில் ஒருவர் பேசினார். புத்தகம் மனிதனுக்கு மூன்றாவது கண் என்றார். எனக்கு இருக்கிற இரண்டு கண்ணிலேயே ஒன்றில் புரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்தாவதோடு நின்றவன் நான். முப்பது வருஷமாகக் கதைப் புத்தகம் படிக்கிறேன், ஆனால் அறிவுக்காக இல்லை. கையில் புத்தகம் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதற்காக. பஸ்ஸில் தூங்குகிறவனைக்கூட எழுப்பி, "எந்த ஊரு? பையன் என்ன பண்றான்?" என்று கேட்பார்கள். படிக்கிறவனை விட்டுவிடுவார்கள். இந்த வயதிலும் ஏதோ பரீட்சை என்று நினைப்பு.

போன மாசியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஆறு நாள் காத்துக் கிடந்தேன். சாக்கு வரவில்லை என்றார்கள். சாக்கு வந்த பிறகு லாரி வரவில்லை என்றார்கள். நான் குவியலோரம் தார்ப்பாயை விரித்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடித்த நாவலோடு சுகமாக இருந்தேன். அதையே தலைக்கு வைத்துப் படுத்ததில் பனி இறங்கி, பசை விட்டு, மூன்றாம் நாள் காலையில் புத்தகம் மூன்று துண்டாகக் கிடந்தது.

முன்பாகத்தை நான் முடித்திருந்தேன். அதை எங்கள் ஊர் மாமா ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர் கதை படிப்பது எழுதினவன் விட்ட தப்பைப் பிடிப்பதற்கு. சட்டைப்பையில் பேனாவோடு படிப்பார். அரை மணியில் கூப்பிட்டார்.

"மாப்ள, சித்திரையில ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுதாம், பொம்பளைங்க நடவு நடுறாங்களாம். எங்கேருந்துய்யா தண்ணி? இவன் வீட்டுக் குழாய்லேருந்தா?"

அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. அவர் நெல்லுக்கே அவ்வளவு பூரித்துப் பார்த்ததில்லை.

கடைசித் துண்டைப் பக்கத்துக் குவியல்கார அக்கா கேட்டார். குடவாசலுக்கு முந்தின கிராமம் அவருக்கு.

"முன்னாடியிலேருந்து படிங்களேன்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"அடப் போங்கண்ணே. நெல்லு என்னைக்கு எடை போடுவாங்கன்னு தெரியல, மழை வருமான்னு தெரியல, எம் பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்னு தெரியல. கதையிலயும் தெரியாம உக்காந்திருக்கணுமா? கதையில வர்ற பொண்ணு உருப்பட்டாளான்னு முதல்ல பாத்துக்கறேன்."

எனக்கு நேர் எதிர்க் குணம். அடுத்த பக்கத்தில் என்ன என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குள்ள ஒரே ஆடம்பரம். அவர் உதட்டை அசைத்து அந்தத் துண்டைப் படிக்கிறபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

நான்காம் நாள் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அக்காவின் நெல்லை எடை போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள்; அவரும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசித் துண்டும் அதற்குள்ளே போய்விட்டது. அன்று சாயங்காலமே நடுப்பாகம் எனக்கு முடிந்தது. அண்ணனோடு சண்டை போட்டு வீட்டை விட்டு வந்த பெண், ரயில் படியில் ஒரு காலை வைத்திருக்கிறாள். ஏறினாளா?

நெல் போட்டு வீடு திரும்பியும் அவள் என்னை விடவில்லை. சோற்றைப் பிசைகிறபோது நிற்கிறாள், ஒரு காலோடு. ஐந்து நாள் பொறுத்தேன். அறியாத வீட்டு வாசலில் போய் நின்று பேசுவதை நினைத்தாலே எனக்கு வேர்க்கும். ஆறாம் நாள் மொபெட்டை எடுத்தேன்.

அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கூட மூன்று பெண்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "இவருதான் அந்தப் பொஸ்தகக்கார அண்ணன்!" என்று அறிமுகம் வேறு. பிறகு என்னிடம், "கடைசித் துண்டுக்குத்தானே வந்தீங்க? தரேன். அவ எதுக்கு ஸ்டேஷனுக்கு வந்தான்னு தெரியாம எனக்கு மண்டை காயுது. முன்கதையைச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

என் கல்யாணத்தன்றுகூட எல்லோரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். இங்கே நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே, என்ன களவாடிட்டா வந்திருக்கீங்க?"

சத்தத்தைக் கூட்டினேன். பேச்சுக்குப் பயந்து முப்பது வருஷம் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்தவன், அரை மணி நேரம் நின்றுகொண்டே கதை சொன்னேன். எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அண்ணன்காரனுக்குப் புத்தகத்தில் இல்லாத இரண்டு வசவுகூடச் சேர்த்தேன். ரயில் வந்தது, படியில் கால் வைத்தாள்.

"இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்று கையை நீட்டினேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். உளுந்துக்காரிகள் பக்கம் திரும்பினார்.

"ஏறிட்டா. ஆனா அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கித் திரும்பி வந்து, அண்ணன்காரன்கிட்ட நிலத்துல பங்கு கேட்டு வாங்கிட்டா!"

இத்தனை நாள் நான் பொத்திக் காத்தது ஒரே மூச்சில் போயிற்று. உள்ளே போய்ப் பக்கங்களை எடுத்துவந்து, பெரிய உபகாரம் செய்தவர் போல என் கையில் வைத்தார். "நல்ல முடிவுதான்ணே. பயமில்லாமப் படிங்க."

வழியில் வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்தி, கோபத்தோடுதான் பிரித்தேன். அவள் ஏறினாள், இறங்கினாள், பங்கு வாங்கினாள். ஒரு இடத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நிம்மதியாகத்தான் இருந்தது. இதை அந்த அக்காவிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.